மாடு செத்தா 37,500 ரூபாய்: அந்தப் பணம் கைக்கு வந்து சேர அக்கா சொல்ற டிப்ஸ்



மழை வெள்ளத்துல மாடு செத்தா அரசாங்கம் பணம் கொடுக்கும்கிறது நம்ம மதுரைப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரே தெருவுல ஒரு வீட்டுக்கு அந்தப் பணம் வருது, அடுத்த வீட்டுக்கு வரமாட்டேங்குது. ஏன்னுதான் பலருக்குப் புரியறதில்லை. வராத வீட்டுல விசாரிச்சா, "நாத்தம் எடுத்துடுமேன்னு விடியறதுக்குள்ள புதைச்சுட்டோம்"னு சொல்வாங்க. டாக்டர் பார்க்கலை, வி.ஏ.ஓ. பார்க்கலை, ஒரு போட்டோகூட இல்லை. அதுக்கப்புறம் தாலுகா ஆபீசுக்கு எவ்வளவு நடந்தாலும், அங்கே இருக்கிறவங்க எழுதுறதுக்கு ஆதாரம்னு ஒண்ணும் இருக்காது.

அதனால இந்தக் கட்டுரையில நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போறது ரெண்டே விஷயம். மாடு உயிரோட இருக்கும்போதே அதைக் காகிதத்துல ஏத்துங்க. செத்துப்போச்சுன்னா, டாக்டரும் வி.ஏ.ஓ.வும் பார்க்கிறதுக்கு முன்னாடி மண்ணைத் தள்ளாதீங்க.

"மதுரை வறண்ட பூமி, இங்கே எங்கே வெள்ளம்"னு நினைக்காதீங்க. 2024 அக்டோபர் 25-ம் தேதி பெஞ்ச மழையில செல்லூர் கண்மாயும் பந்தல்குடி கால்வாயும் நிரம்பி, மதுரை நகரத்துக்குள்ளேயே வீடுகள்ல தண்ணி புகுந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம், 2023 டிசம்பர் 17, 18-ல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் கொட்டித் தீர்த்துச்சே, அப்போ காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பதிவாச்சு. தாமிரபரணிக் கரையில கட்டுத்தறியில இருந்த மாடுகள் அப்படியே போச்சு. 2018 நவம்பர் 16-ல வேதாரண்யம் பக்கம் கரை ஏறின கஜா புயல் டெல்டாவோட நிக்காம திண்டுக்கல் வரைக்கும் வந்துச்சு. நம்ம ஊருக்கு இது வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

எவ்வளவு கிடைக்கும்?

2022-23 முதல் 2025-26 வரைக்குமான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதியில இருக்கிற தொகை இது:

* கறவைப் பசு, எருமை: ஒண்ணுக்கு 37,500 ரூபாய்
* உழவு மாடு, வண்டி மாடு: 32,000 ரூபாய்
* கன்னுக்குட்டி, கழுதை, மட்டக்குதிரை: 20,000 ரூபாய்
* வெள்ளாடு, செம்மறி, பன்றி: 4,000 ரூபாய்
* கோழி: ஒண்ணுக்கு 100 ரூபாய், ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்
* வீட்டோட சேர்ந்த மாட்டுக்கொட்டகை இடிஞ்சா: 3,000 ரூபாய்

இந்தப் பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில இருந்து வருது. அதுல முக்கால் பங்கு மத்திய அரசோடது, கால் பங்கு மாநில அரசோடது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு, மேலே சொன்ன மத்திய விதியில எருதுக்குக் குறைவா இருந்தாலும், எருது, பசு ரெண்டுக்கும் 30,000-ஆ இருந்த தொகையை 37,500-ஆகவும், ஆட்டுக்கு 3,000-ஆ இருந்ததை 4,000-ஆகவும் உயர்த்தி அறிவிச்சுச்சு. 2024-ல ஃபெஞ்சல் புயலுக்கும் அதே தொகைதான். விதி காலத்துக்குக் காலம் மாறும். நீங்க மனு கொடுக்கிற நேரத்துல நடப்புத் தொகை என்னன்னு தாலுகா ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

உச்சவரம்பு ஒண்ணு இருக்கு, மறக்காதீங்க. எத்தனை செத்தாலும் ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை மாடுன்னா 3, இல்லைன்னா ஆடு மாதிரி சின்னதுன்னா 30. உழவு மாடுன்னா 3, கன்னு, கழுதை மாதிரின்னா 6.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டுல ஒரு கறவைப் பசு, ஒரு கன்னு, 10 வெள்ளாடு, 20 கோழி வெள்ளத்துல போயிடுச்சுன்னு வைங்க. பசுவுக்கு 37,500, கன்னுக்கு 20,000, ஆடுகளுக்கு 40,000, கோழிக்கு 2,000. மொத்தம் 99,500 ரூபாய். "பசுவுக்குக் கொடுத்தாப் போதும்"னு கன்னையும் கோழியையும் மனுவுல எழுதாம விட்டா, 22,000 ரூபாயை நீங்களே வேண்டாம்னு சொன்ன மாதிரி. செத்தது எல்லாத்தையும் எழுதுங்க. கொடுக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்றது அதிகாரியோட வேலை.

எந்தச் சாவுக்குக் கிடைக்கும், எதுக்குக் கிடைக்காது?

புயல், வெள்ளம், தீ விபத்து, நிலச்சரிவு, ஆலங்கட்டி மழை இதெல்லாம் பேரிடர் பட்டியல்ல இருக்கு. இடி மின்னலையும் தமிழ்நாடு அரசு பேரிடராச் சேர்த்திருக்கு. நம்ம பக்கம் சித்திரை, வைகாசியில கோடை மழையோட வர்ற மின்னல்லதான் மாடு அடிக்கடி சாகுது. அதுக்கும் மனு கொடுக்கலாம்.

நோய் வந்து செத்தா இந்தப் பணம் கிடையாது. கஷ்டம் என்னன்னா, மழையும் நோயும் சேர்ந்தேதான் வரும். ஆட்டுக்குத் துள்ளுமாரி, நீலநாக்கு, மாட்டுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய் எல்லாம் மழைக்காலத்துலதான் தலைகாட்டும். மழை பெஞ்ச மறுநாள் ஆடு செத்துக்கிடந்தா, குளிர்ல, வெள்ளத்துல செத்துச்சா, நோய்ல செத்துச்சான்னு சொல்லக்கூடியவர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர்தான். அவர் எழுதிக் கொடுக்கிற அந்த ஒரு வரியிலதான் உங்க பணம் இருக்கு. பறவைக் காய்ச்சல்ல கோழி போனா, அதுக்குக் கால்நடைத் துறையில தனித் திட்டம் இருக்கு, அங்கே கேக்கணும்.

காத்துல அறுந்து விழுந்த மின்கம்பியை மிதிச்சு மாடு செத்தா, வி.ஏ.ஓ.கிட்டச் சொல்றதோட நிறுத்தாதீங்க. போலீஸ் ஸ்டேஷன்லயும் மின்வாரிய உதவிப் பொறியாளர் ஆபீசுலயும் எழுத்து மூலமாக் கொடுத்து ரசீது வாங்குங்க. கம்பி கிடக்கிற இடத்தைத் தள்ளி நின்னே போட்டோ எடுங்க. கரண்டு நிறுத்திட்டாங்கன்னு உறுதியா தெரியறவரைக்கும் மாட்டைத் தொடவே கூடாது.

மாடு உயிரோட இருக்கும்போது செய்ய வேண்டியது

1. காது வில்லை இருக்கான்னு பாருங்க. கோமாரி ஊசி போட வர்றப்போ காதுல மஞ்சளா ஒரு வில்லை குத்துவாங்க இல்லையா, அதுல 12 இலக்க எண் இருக்கும். மாட்டுக்கு அதுதான் ஆதார். அந்த எண்ணோட உங்க பேரும் ஊரும் கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கும். "குத்தினா மாட்டுக்கு வலிக்கும்"னு முகாமுக்கு ஓட்டிட்டுப் போகாம இருக்கிறவங்க இன்னும் இருக்காங்க. அப்படிச் செய்யாதீங்க. வேலியில மாட்டி வில்லை அறுந்திருந்தா மாட்டாஸ்பத்திரியில சொல்லி மறுபடி போடச் சொல்லுங்க. எண்ணை ரேஷன் கார்டு ஜெராக்ஸ் பின்னாடி எழுதி வெச்சுக்கோங்க.

2. போட்டோ எடுங்க. மாட்டோட ரெண்டு பக்கமும், முகமும், காது வில்லையும் தெரியணும். இன்னொரு போட்டோவுல மாட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நீங்க நிக்கணும், பின்னாடி உங்க வீடு தெரியணும். ஆடுன்னா பட்டியில அடைச்சிருக்கும்போது எண்ணத் தோதா எடுங்க. எடுத்ததை உங்க போன்ல மட்டும் வெச்சுக்காம, வெளியூர்ல இருக்கிற அண்ணனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. வெள்ளத்துல போனும் போயிடலாம். ஆறு மாசத்துக்கு ஒருதடவை புதுசா எடுங்க, ஆட்டுக் கணக்கு மாறிக்கிட்டே இருக்கும்.

3. ஒரு நோட்டுப் போடுங்க. எத்தனாவது ஈத்து, எப்போ சினை ஊசி போட்டது, நாளுக்கு எத்தனை லிட்டர் கறக்குது, எப்போ எந்தத் தடுப்பூசி. இவ்வளவுதான். விதியில "பொருளாதாரப் பயன் தரும் கால்நடை"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. கறக்கிற மாடுதான், வேலை செய்யற மாடுதான்னு காட்ட இந்த நோட்டு உதவும். ஆவினுக்குப் பால் ஊத்துறவங்க சங்கத்துப் பாஸ்புக்கைப் பத்திரமா வைங்க, அதை விட நல்ல ஆதாரம் கிடையாது. மாட்டாஸ்பத்திரிச் சீட்டையும் கிழிச்சுப் போடாதீங்க. திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில ஆடு வாங்கினா, யாருகிட்ட, எத்தனை, என்ன விலைன்னு அன்னைக்கே நோட்டுல ஏத்துங்க.

4. யார் பேர்ல இருக்குன்னு யோசிங்க. சாணி அள்ளுறதும் பால் கறக்கறதும் நீங்க. சங்கத்துல பேரும் பேங்க் பாஸ்புக்கும் வீட்டுக்காரர் பேர்ல. அவர் திருப்பூர்லயோ வெளிநாட்டுலயோ இருந்தா, மனுவுல கையெழுத்துப் போட ஆள் இல்லாம நாள் இழுக்கும். மாட்டைப் பார்த்துக்கறவங்க பேர்லயே வில்லைப் பதிவும் பால் சங்க உறுப்பினர் அட்டையும் இருக்கட்டும். அரசாங்கத்துல பெண்களுக்குக் கொடுத்த விலையில்லா ஆடு, மாடுன்னா அந்தக் காகிதம் உங்க பேர்லதான் இருக்கும், எடுத்து வைங்க.

5. பேங்க் கணக்கை உயிரோட வைங்க. நிவாரணம் கணக்குலதான் ஏறும். நாலைஞ்சு வருஷமா தொடாத கணக்கு முடங்கிக் கிடக்கும், ஆதார் சேர்த்திருக்க மாட்டாங்க, பேர்ல ஒரு எழுத்து மாறியிருக்கும். மழைக்காலத்துக்கு முன்னாடி ஒருதடவை போய் 100 ரூபாய் போட்டு எடுத்துச் சரிபார்த்துடுங்க. கடன் பாக்கி இருக்கிற கணக்கைக் கொடுத்தா வந்த பணம் கடனுக்குப் போய்ச் சேர்ந்துடலாம். கடன் இல்லாத கணக்கு எண்ணைக் கொடுங்க.

6. இன்சூரன்ஸ் போடுங்க. அரசு நிவாரணம் மாட்டோட சந்தை விலை இல்லை. அந்தக் காசுக்கு இன்னைக்கு நல்ல கறவை மாடு வாங்க முடியாது. அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் ஜல்லிக்கட்டுக் காளைக்கு லட்சக்கணக்குல விலை பேசுவாங்க, ஆனா நிவாரண விதியில அந்தக் காளைக்குத் தனி விலை கிடையாது. அந்த இடைவெளியை நிரப்புறது இன்சூரன்ஸ்தான். தேசியக் கால்நடை இயக்கத்துல 2024 பிப்ரவரியில மத்திய அமைச்சரவை ஒரு முடிவு எடுத்துச்சு: பிரீமியத்துல நாம கட்ட வேண்டிய பங்கு 15 சதவீதம் மட்டும், மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டும். நோய்ல செத்தாலும் இன்சூரன்ஸ்ல கேக்க முடியும். நம்ம மாட்டாஸ்பத்திரியில இந்த வருஷ ஒதுக்கீடு இருக்கான்னு கேட்டுப் போட்டுக்கோங்க. இன்சூரன்ஸ்காரங்க கேக்கிற முதல் பொருள் காது வில்லை. வில்லை இல்லைன்னா பணம் இல்லைன்னு கறாராச் சொல்லிடுவாங்க.

மழை வரும்போது

7. வைகை அணை நீர்மட்டத்தைக் கவனிங்க. அணையோட முழு உயரம் 71 அடி. 66 அடி வந்தா முதல் எச்சரிக்கை, 68.5 அடியில ரெண்டாவது, 69 அடியில மூணாவது. சோழவந்தான்ல இருந்து மதுரை தாண்டி ஆத்தோரமா கொட்டகை போட்டிருக்கிறவங்க முதல் எச்சரிக்கையிலயே மாட்டை மேட்டுக்கு ஓட்டிடுங்க. மூணாவதுக்குக் காத்திருந்தா ராத்திரியில ஓட்ட வேண்டி வரும். குண்டாறு, சாத்தையாறு பக்கமும் கண்மாய்க் கரைக்குக் கீழே இருக்கிற பட்டிகளுக்கும் இந்த எச்சரிக்கை வராது. அங்கே கண்மாய் நிரம்புறதை நீங்களேதான் பார்க்கணும்.

8. கயித்தை அவிழ்த்து விடுங்க. வெள்ளத்துல சாகிற மாடுகள்ல பல, கட்டின இடத்துலயே சாகுது. மாடு நீந்தும், கயிறு விட்டா மேடு தேடிப் போயிடும். ராத்திரி தண்ணி ஏறும்னு தோணினா சுருக்குக் கயித்துல கட்டாம, ஒரு இழுப்புல அவிழ்ற மாதிரி கட்டுங்க.

9. இடி இடிக்கும்போது ஒத்தைப் புளியமரம், பனைமரத்தடியில மாட்டை நிறுத்தாதீங்க. கம்பி வேலி ஓரத்துலயும் வேண்டாம்.

10. இந்த எண்களை போன்ல ஏத்துங்க: கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. கூடவே உங்க ஊர் வி.ஏ.ஓ., தலையாரி, மாட்டாஸ்பத்திரி டாக்டர் மூணு பேர் நம்பரும் இருக்கணும்.

மாடு செத்த அன்னைக்கு

அழுகை வரும், வரட்டும். பிள்ளை மாதிரி வளர்த்த ஜீவன். ஆனா அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இந்த வேலைகளை யாராவது ஒருத்தர் முன்னின்னு செய்யணும். பக்கத்து வீட்டுல நடந்திருந்தா நீங்க முன்னின்னு செய்யுங்க.

11. முதல் போன் டாக்டருக்கு, ரெண்டாவது வி.ஏ.ஓ.வுக்கு. எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம்கிறது போன்லயே பதிவாகியிருக்கும். எடுக்கலைன்னா குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப்போ அனுப்புங்க: "இன்னார் பேசறேன், இந்த ஊர், ராத்திரி வெள்ளத்துல ஒரு பசு, மூணு ஆடு இறந்துடுச்சு, பார்வையிட வரணும்." பின்னாடி "நீங்க தகவலே சொல்லலையே"ன்னு யாரும் கேக்க முடியாது.

12. தொடறதுக்கு முன்னாடி மூக்கையும் வாயையும் பாருங்க. மூக்கு, வாய், ஆசனவாய் வழியா உறையாத ரத்தம் கசிஞ்சிருந்தா, வயிறு திடீர்னு உப்பியிருந்தா, அது அடைப்பான் நோயா இருக்கலாம். மனுஷனுக்கும் தொத்தும். அறுக்காதீங்க, தோலை உரிக்காதீங்க, இழுத்துட்டுப் போகாதீங்க. நாய் வராம காவல் வெச்சுட்டு டாக்டருக்குச் சொல்லுங்க.

13. போட்டோ எடுக்கிற விதம். அடைப்பான் அறிகுறி எதுவும் இல்லைன்னா, சேறு அப்பியிருக்கிற காது மேல தண்ணியை ஊத்தி விட்டு, 12 எண்ணும் படிக்கிற மாதிரி கிட்டத்துல ஒரு போட்டோ எடுங்க. அப்புறம் முழு உடம்பு, ரெண்டு பக்கம். அப்புறம் தள்ளி நின்னு, சுத்தி நிக்கிற தண்ணியோ இடிஞ்ச சுவரோ மின்னல் விழுந்த மரமோ தெரியற மாதிரி ஒண்ணு. பக்கத்துல நீங்களும் சாட்சி ரெண்டு பேரும் நின்னு ஒண்ணு. போன்ல லொகேஷனை ஆன் பண்ணி வெச்சா இடமும் நேரமும் தானே பதிவாகும். காதை அறுத்து வில்லையை நீங்களே எடுக்காதீங்க, டாக்டர் பார்த்து எடுக்கட்டும்.

14. பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்க. டாக்டர் எழுதறப்போ வில்லை எண், இனம், நிறம், வயசு, ஈத்து, சாவுக்குக் காரணம் இதெல்லாம் வந்திருக்கான்னு அங்கேயே படிச்சுப் பாருங்க. படிக்கத் தெரியலைன்னா பக்கத்துல படிக்கிற பிள்ளையை நிறுத்திப் படிக்கச் சொல்லுங்க. "இறந்தது"ன்னு மட்டும் இருந்தாப் போதாது, எதனால இறந்ததுன்னு இருக்கணும்.

15. வி.ஏ.ஓ. நேர்ல பார்க்கட்டும். அவர் அறிக்கை ஆர்.ஐ.க்குப் போகும், அங்கேயிருந்து தாசில்தாருக்கு. அவரால அன்னைக்கு வர முடியலைன்னா தலையாரியையாவது வரச் சொல்லுங்க. ஊர் முழுக்கத் தண்ணி நின்னு யாராலயும் வர முடியாத நிலைமைன்னா, போட்டோவும் வீடியோவும் எடுத்து அவருக்கு அனுப்பி, "புதைக்கிறோம்"னு செய்தியும் அனுப்பிட்டுப் புதைங்க.

16. வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சா? உடம்பு கிடைக்கலைன்னு விட்டுடாதீங்க. பழைய போட்டோ, வில்லை எண், பால் சங்கப் பாஸ்புக், அக்கம்பக்கத்துல பார்த்தவங்க கையெழுத்து எல்லாத்தையும் சேர்த்து வி.ஏ.ஓ.கிட்டக் கொடுத்து ஊர் விசாரணை நடத்தச் சொல்லுங்க. மேலே சொன்ன முதல் மூணு டிப்சும் இந்த இடத்துலதான் உங்களைக் காப்பாத்தும்.

17. புதைக்கிறப்போ கிணறு, கண்மாய், வாய்க்காலை விட்டுத் தள்ளி, ஆழமாக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்க. கண்மாய்ல தள்ளி விட்டா மிச்சம் இருக்கிற மாடுகளும் ஊரும்தான் அவதிப்படும்.

மனு எழுதற மாதிரி

எழுதிக் கொடுக்கிறவருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாள்ல இப்படி எழுதினாப் போதும்:

*அனுப்புநர்: (பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், கதவு எண், தெரு, கிராமம், வட்டம், கைப்பேசி எண்)*

*பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள், வட்டாட்சியர் அலுவலகம், (வட்டம்), மதுரை மாவட்டம்.*

*பொருள்: கனமழை வெள்ளத்தில் கால்நடைகள் இறந்தது – பேரிடர் நிவாரணம் கோருதல் – தொடர்பாக.*

*ஐயா / அம்மா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து, கால்நடை வளர்த்துப் பிழைத்து வருகிறேன். (தேதி) அன்று (நேரம்) மணியளவில் பெய்த கனமழையால் (இடம்) பகுதியில் வெள்ளம் புகுந்து, எனக்குச் சொந்தமான கறவைப் பசு ஒன்று (காது வில்லை எண், நிறம், ஈத்து, நாளொன்றுக்குக் கறக்கும் பால் அளவு), வெள்ளாடுகள் (எண்ணிக்கை), கோழிகள் (எண்ணிக்கை) இறந்துவிட்டன. (தேதி) அன்று கால்நடை உதவி மருத்துவர் பரிசோதித்துச் சான்று அளித்துள்ளார். கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்வையிட்டார். விதிகளின்படி நிவாரணத் தொகையை என் வங்கிக் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

*இணைப்பு: மருத்துவர் சான்று, புகைப்படங்கள், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், சிட்டா அல்லது சிறு குறு விவசாயி சான்று, பால் சங்கப் பாஸ்புக் நகல்.*

எல்லாம் ரெண்டு செட். ஒண்ணைக் கொடுத்துட்டு, இன்னொண்ணுல தேதியும் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கிட்டு வாங்க. ஒரிஜினல் எதையும் கொடுக்காதீங்க.

விதியில இது சிறு, குறு விவசாயிகளுக்கான உதவின்னு இருக்கு. 5 ஏக்கருக்குள்ள நிலம் இருந்தா தாசில்தார் ஆபீசுல அந்தச் சான்று வாங்கலாம், மழைக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க. நிலமே இல்லாம ஆடு மேய்ச்சுப் பிழைக்கிறவங்களும் மனு கொடுக்காம இருந்துடக் கூடாது. வருமானச் சான்று, ரேஷன் கார்டோட, "கால்நடையே என் பிழைப்பு"ன்னு எழுதிக் கொடுங்க. மறுத்தா எழுத்து மூலமா மறுக்கச் சொல்லுங்க.

கிடை போடற அண்ணன்மாருக்கு

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து அறுவடை முடிஞ்ச வயல்ல கிடை போட நம்ம மதுரைப் பக்கம் வர்ற கீதாரிகளுக்கு இது ரொம்ப முக்கியம். ஆடு செத்தது எந்த ஊர் எல்லையிலயோ, அந்த ஊர் வி.ஏ.ஓ.கிட்டயும் அந்தப் பகுதி டாக்டர்கிட்டயும் சொல்லணும். "சொந்த ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்"னு கிளம்பிட்டா ஆதாரம் அங்கேயே போயிடும். கிளம்பறதுக்கு முன்னாடி சொந்த ஊர் மாட்டாஸ்பத்திரியில தடுப்பூசி போட்டு, எத்தனை ஆட்டுக்குப் போட்டதுன்னு சீட்டு வாங்கிக்கோங்க. கிடைக்கு இடம் கொடுத்த நிலக்காரரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நிலக்காரங்களே, உங்க வயலுக்கு உரம் போட வந்த இடத்துலதான் அவங்க பிழைப்பு போயிருக்கு. கையெழுத்துப் போடத் தயங்காதீங்க.

மனு கொடுத்த பிறகு

* வாரம் ஒருதடவை வி.ஏ.ஓ.கிட்டக் கேளுங்க: ஆர்.ஐ.க்குப் போச்சா, தாலுகாவுக்குப் போச்சா, பயனாளிப் பட்டியல்ல என் பேர் இருக்கா?
* நகரலைன்னா திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசுல நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுங்க. மாசாமாசம் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துலயும் சொல்லலாம். நாலு பேருக்கு வரலைன்னா நாலு பேரும் சேர்ந்து போங்க.
* அப்பவும் பதில் இல்லைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, "என் மனு மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்க"ன்னு தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. 30 நாள்ல பதில் சொல்லணும்.
* இதுல எந்தப் படிக்கும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. "பங்கு கொடுத்தா வாங்கித் தர்றேன்"னு வர்ற தரகரை வாசலோட அனுப்புங்க. போன்ல ஓ.டி.பி. கேட்டா சொல்லாதீங்க.
* சாகாத மாட்டைக் கணக்குல சேர்க்காதீங்க. ஒரு பொய்க்கணக்கு பிடிபட்டா, ஊர்ப் பட்டியல் முழுக்கச் சந்தேகமாப் பார்ப்பாங்க. உண்மையா இழந்தவங்களுக்கு அது செய்யற துரோகம்.

இப்படி ஆதாரம் கேக்கிறது நம்ம ஊர்ல மட்டும் இல்லை. அமெரிக்காவுல கால்நடை இழப்பீட்டுத் திட்டத்துலயும் போட்டோ, டாக்டர் சான்று, சாட்சி எல்லாம் கேக்கிறாங்க, சாவைக் குறிச்ச காலத்துக்குள்ள தெரிவிக்கணும்னு விதி இருக்கு. ஆனா அங்கே சராசரிச் சந்தை விலையில 75 சதவீதம் கொடுக்கிறாங்க. நம்ம அரசாங்கமும் எல்லா மாட்டுக்கும் ஒரே தொகைங்கிறதை விட்டு, ஈத்தையும் கறவையையும் பார்த்து, சந்தை விலைக்குப் பக்கத்துல கொடுக்கிற நாள் வரணும். வெள்ளம் வடிஞ்ச மறுநாளே டாக்டர், வி.ஏ.ஓ., பேங்க்காரர் மூணு பேரும் ஊர் ஊரா வந்து ஒரே இடத்துல மனு வாங்கினா, கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு மூணு ஆபீசுக்கு அலையற பொண்ணுங்களுக்கு எவ்வளவு பெரிய உதவியா இருக்கும். இந்தக் கோரிக்கையைக் கிராம சபைக் கூட்டத்துல எழுந்து சொல்லுங்க, தீர்மானமாப் போடச் சொல்லுங்க.

பணம் வந்ததும் கைமாத்து அடைக்கிறதுக்கு முன்னாடி, மிச்சம் இருக்கிற ஆடு மாட்டுக்குத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுங்க. நனைஞ்சு பூஞ்சணம் பிடிச்ச வைக்கோலைப் போடாதீங்க. கொட்டகையை ரெண்டடி உசத்திக் கட்டுங்க. புதுசா வாங்கற மாட்டுக்கு முதல் வாரத்துலயே வில்லையும் இன்சூரன்சும் போட்டுடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரும் இருக்கும்போது ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. மாட்டையும் ஆட்டையும் போட்டோ எடுங்க, வில்லை எண்ணை எழுதுங்க, பேங்க் பாஸ்புக்கைத் தேடி எடுங்க. உங்க தெருவுல படிக்கத் தெரியாத ஆத்தா யாராவது ஆடு வளர்த்தா, அவங்களுக்கும் போய் எடுத்துக் கொடுங்க. நிவாரணம் யாரும் போடற பிச்சை இல்லை, சட்டப்படி நமக்குச் சேர வேண்டியது. ஆதாரத்தோட கேட்டு வாங்குங்க.